பதிவேட்டுக்கு வெளியே நின்றவர்கள்

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் விவாகங்களைப் பதிந்துகொள்ளும் பொறுப்பு தேசியப் பதிவிலாகாவினுடையது என்றாலும், கோயில், தேவாலயம், சங்கம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்களை உதவிப் பதிவதிகாரிகளாக நியமித்துக்கொள்ளச் சட்டம் இடம் தந்திருப்பதால், எங்களைப் போன்ற சிலர், சாம்பிராணியும் மல்லிகையும் மணக்கும் மண்டபத்தின் ஒரு மூலையில் மேஜை போட்டு உட்கார்ந்து, மணமக்களின் கையெழுத்தைச் சர்க்கார் பதிவேட்டில் வாங்கும் பணியைச் செய்துவருகிறோம். தமிழ்ப்பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற சமயத்தில், கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு கோயிலின் நிர்வாகத்தார் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்படி என்னைக் கேட்டார்கள். சம்பளத்தை உத்தேசித்து ஏற்கத்தக்க உத்தியோகம் அன்று இது. ஆனால், மனிதர்கள் மிகுந்த நம்பிக்கையோடு இருக்கும் ஒரு நாளில் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பாக்கியமும், அந்த நம்பிக்கை பொய்த்துப்போன பிறகு அதே மேஜையைத் தேடி வருகிறவர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய பாரமும் இதில் சேர்ந்தே இருக்கின்றன. கிள்ளானிலும் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் ஜனங்கள் என்னை ‘ரிஜிஸ்டர் ஐயா’ என்றே அழைக்கிறார்கள்.

வேலை என்னவோ சுலபமானதுதான். மணமகனும் மணமகளும் அடையாள அட்டையோடு வந்து, தாங்கள் மணந்துகொள்ளப் போவதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லுவதற்கு வசதியாக அந்த அறிவிப்பு பார்வைக்கு ஒட்டப்பட்டு, 21 நாள் கழிந்தபின் அனுமதி கிடைக்கும். ஆறு மாதத்துக்குள் விவாகம் நடந்தாக வேண்டும், தவறினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பொதுவாக இருவருக்கும் 18 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். 21 நிரம்பாதவருக்குத் தகப்பனாரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். நம்பத்தகுந்த சாட்சிகள் இருவர் வேண்டும். இவ்வளவும் அமைந்த பிறகு, இருவரும் சுய விருப்பத்தின் பேரிலேயே வந்திருக்கிறார்களா என்று கேட்டு, இந்தப் பந்தம் ஆயுள் பரியந்தம் நீடிப்பது, நியாயஸ்தலத்தின் தீர்ப்பு இல்லாமல் கலையாதது, இது கலையாதிருக்கையில் இன்னொருவரை மணப்பது குற்றம் என்பதை எடுத்துச் சொல்லிவிட்டுப் பேனாவை நீட்டுகிறேன்.

மணப்பெண் அந்தப் பேனாவை வாங்கும் விதத்தை நான் எப்போதும் கவனிப்பதுண்டு. வலது கையின் வளையல்களை இடது கையால் முழங்கைப் பக்கம் தள்ளி, மருதாணி சிவந்த விரல்களில் பேனாவைப் பிடித்து, பட்டுச் சேலையின் முந்தானை மையில் படாமல் ஒதுக்கிக்கொண்டு அவள் குனியும்போது, புகைப்படக்காரர், “இங்கே பாருங்க, கொஞ்சம் சிரிங்க” என்பார். “படம் பிறகு எடுத்துக்கொள்ளலாம் அம்மா; எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போடு” என்று நான் சொல்வேன். தோட்டத்துக் கிராணிமாரும் ஆஸ்பத்திரிக் குமாஸ்தாக்களும் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதிவைத்த பெயர்கள் நம்முடையவை. பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருக்கும் தகப்பனார் பெயரின் ஒரே ஓர் எழுத்து, முப்பது வருஷம் கழித்து ஒரு விதவையை அலுவலகம் அலுவலகமாக அலைக்கழிக்க வல்லது.

இந்தப் பதிவேடு நம் சமூகத்துக்கு வந்து சேர்ந்த வரலாறு நீண்டதன்று. 1982-ஆம் வருஷம் மார்ச் மாதம் முதல் தேதிக்கு முன்னால், ஹிந்துக்களும் சீனர்களும் தத்தம் சம்பிரதாயப்படி செய்துகொண்ட கல்யாணம் அப்படியே செல்லுபடியாயிற்று. 1952-ஆம் வருஷத்துச் சட்டமொன்றின்படி அதைப் பதிந்துகொள்ள வசதி இருந்ததென்றாலும் கட்டாயம் இருக்கவில்லை. ஒருவன் இரண்டாவது மனைவியையோ மூன்றாவது மனைவியையோ வழக்கப்படி கொண்டானானால் சட்டம் அதையும் ஒப்புக்கொண்டது. இந்த நிலையை ஆராய எழுபதுகளின் தொடக்கத்தில் அமர்ந்த அரச விசாரணைக் கமிஷனின் சிபாரிசுகளை ஒட்டி, ஒருவனுக்கு ஒருத்தி என்ற நியதியையும் பதிவுக் கட்டாயத்தையும் வைத்து 1976-இல் விவாக, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டு, ஆறு வருஷம் கழித்து அமலுக்கு வந்தது. அண்டையிலுள்ள சிங்கப்பூர் 1961-ஆம் வருஷத்து மாதர் சாசனத்தின் மூலம் இதை முன்னரே செய்துவிட்டிருந்தது. என் அபிப்பிராயத்தில், இந்நாட்டுத் தமிழ் ஸ்திரீகளுக்குப் பார்லிமெண்டு செய்த நன்மைகளில் இது தலையாய ஒன்று. இதை நான் யாருக்கு முன்னாலும் சொல்லத் தயங்கியதில்லை.

1982-க்கு முன் சம்பிரதாயப்படி நடந்த விவாகங்களைப் பதியப்பட்டனவாகவே பாவிக்க வேண்டும் என்று 1976-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்லுகிறது. விரும்பினால் அவற்றை இப்போதும் பதிந்து அத்தாட்சி பெற 33-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆகையால் முதிய தம்பதிகள் சிலர் பேரப்பிள்ளைகளின் கைத்தாங்கலில் வருவார்கள். அவர்கள் தாலி கட்டிக்கொண்ட தோட்டத்துக் கோயில் இருந்த இடத்தில் இன்று வீடமைப்புப் பகுதியோ நெடுஞ்சாலையோ இருக்கும். கருப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று மிஞ்சியிருக்கும். அதில் பந்தலுக்கடியில் நிற்பவர்களில் உயிரோடிருக்கும் இருவரைத் தேடிப்பிடித்து சாட்சிக்கு அழைத்து வருவார்கள். அந்தப் பாட்டிமார்கள் கையெழுத்துப் போடும் தினம் எனக்கு உண்மையிலேயே திருநாள்.

சங்கடமெல்லாம் 1982-க்குப் பிறகு தாலி மட்டும் கட்டிக்கொண்டவர்களால் விளைந்தது. சட்டம் வந்த செய்தி தோட்டங்களுக்குள் மெதுவாகத்தான் போயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் ஜனங்கள் புறம்போக்குக் குடிசைகளுக்கும் பிறகு அடுக்குமாடி வீடுகளுக்கும் சிதறிக்கொண்டிருந்த காலம் அது. ஐயர் மந்திரம் சொன்னார், பெரியவர்கள் அட்சதை போட்டார்கள், நாதஸ்வரம் முழங்கிற்று, இதற்கு மேல் ஒரு கல்யாணத்துக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ பிரஜைக்குரிய நீல அடையாள அட்டை இல்லாமல் நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அட்டை மட்டுமே இருந்ததாலும், அதுவும் இல்லாததாலும் பதிவுக்குப் போகக் கூசியவர்கள் சிலர். முதல் மனைவியை மறைத்து இரண்டாவது தாலி கட்ட எண்ணியவன், பதிவுக்குப் போனால் அகப்பட்டுக்கொள்வான் என்பதற்காகவே “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்” என்று சொல்லித் தட்டிக்கழித்த சந்தர்ப்பங்களும் உண்டு. அப்படித் தட்டிக்கழிக்கிறவனைக் கண்டால் பெண் வீட்டார் அங்கேயே நின்று விசாரிக்க வேண்டும்.

காப்பாருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். எண்பதுகளின் பிற்பகுதியில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம், கணவர் துறைமுகத்துக்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரியின் டிரைவர், விபத்தில் இறந்துபோனார். சேமிப்புப் பணத்துக்கும் விதவைக்குரிய மாதப் பென்ஷனுக்கும் மனுப் போடச் சென்ற இடத்தில் விவாக அத்தாட்சியைக் கேட்டிருக்கிறார்கள். கழுத்துத் தாலியை அவர் பதினாறாம் நாள் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து கைப்பைக்குள் வைத்திருந்தார், அதை என் மேஜைமேல் எடுத்து வைத்து, “முப்பது வருஷமா அவரு பொஞ்சாதின்னுதான் ஐயா தோட்டமே என்னைக் கூப்பிட்டுச்சு. இப்போ சூரா எங்கேன்னு கேக்கிறாங்க. இதைத் தவிர என்கிட்ட என்ன சூரா இருக்கு?” என்றார். பத்திரத்தைத்தான் இங்கே சூரா என்பார்கள். இறந்தவரோடு ஒருத்தியின் விவாகத்தைப் புதிதாகப் பதிய எந்தப் பதிவதிகாரிக்கும் அதிகாரம் இல்லை. வழக்கறிஞர் ஒருவரிடம் அனுப்பினேன். கல்யாணப் பத்திரிகை, புகைப்படம், கோயில் தர்மகர்த்தாவின் சத்தியப் பிரமாணம் என்று எத்தனையோ திரட்டினார்கள். கணவரின் அண்ணன்மார் பெருந்தன்மையாக உரிமை கோராமல் எழுதிக் கொடுத்ததால் சேமிப்பில் ஒரு பகுதி கைக்கு வந்தது; மாதப் பென்ஷன் கிடைக்கவில்லை.

சட்டத்தின் உள்ளே புகுந்து பார்த்தால் இத்தகைய ஸ்திரீயின் நிலைமை விசித்திரமானது. பதிவு செய்ததாலோ செய்யாததாலோ மாத்திரம் ஒரு விவாகம் செல்லுபடியாவதோ செல்லாமற்போவதோ இல்லை என்று 34-ஆம் பிரிவு சொல்லுகிறது. ஆனால் 1982-க்குப் பின் இச்சட்டம் விதித்த முறைப்படியன்றி எந்த விவாகமும் நடத்தப்படலாகாது என்று 5-ஆம் பிரிவு சொல்லுகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் வழக்கறிஞர்கள் வாதாடியிருக்கிறார்கள். நியாயஸ்தலங்களும் எல்லாக் காலத்திலும் ஒரே விதமாகத் தீர்ப்பளிக்கவில்லை. உயில் எழுதாமல் இறந்தவனின் சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுக்கும் 1958-ஆம் வருஷத்துப் பங்கீட்டுச் சட்டம், மனைவி என்றால் சட்டப்படியான மனைவி என்றே கொள்ளும். ஆனால் 1994-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம், தத்தம் மதப்படியோ வழக்கப்படியோ சடங்கு நடத்திச் சேர்ந்து வாழ்கிற ஸ்திரீயை, அந்தச் சடங்கு பதியப்படாததாயினும், பதியவே முடியாததாயினும், மனைவியாக மதித்துப் பாதுகாப்பு அளிக்கிறது. புருஷன் அடிக்கும்போது அவள் மனைவி. அவன் இறந்த மறுநாள் மனைவி அல்ல. இந்த இரண்டும் ஒரே நாட்டின் சட்டங்கள். அடிபடுகிறவளைக் காப்பதற்கு எந்தத் தாலி போதுமானதாயிற்றோ, அதே தாலி அவளுக்குக் கஞ்சி வார்ப்பதற்கும் போதுமானதாகும்படி செய்வது பார்லிமெண்டுக்கு எட்டாத காரியமன்று.

பிள்ளைகளின் விஷயம் இதைவிடப் பரிதாபமானது. விவாகம் பதியப்படாத தாய்க்குப் பிறந்த குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில், தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டுக்கொண்டாலொழிய, தந்தையின் பெயரை எழுத 1957-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இடம் தராது. தகப்பன் லாரியில் ஜோகூருக்குப் போயிருந்த வாரத்தில் பாட்டி போய்ப் பதிந்துவிட்டு வந்த பத்திரத்தில், தந்தையைப் பற்றிய விவரத்துக்கான கட்டம் தகவல் கிடைக்கவில்லை என்ற குறிப்போடு நிற்கும். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேரும்போதும், 12 வயதில் அடையாள அட்டை எடுக்கும்போதும் அந்தக் கட்டம் அதன் முன்னால் வந்து நிற்கும். விவாகத்துக்குப் புறம்பாகப் பிறந்தவருக்குப் பிரஜாவுரிமை தந்தை வழியாக அன்றித் தாய் வழியாகவே பார்க்கப்படும் என்பது கூட்டரசு அரசியல் சாசனத்தின் இரண்டாவது அட்டவணையில் உள்ள விதி. தாய் பிரஜையாக இருந்தால் பாதகமில்லை. அவளே பத்திரம் இல்லாதவளாகவோ வெளிநாட்டவளாகவோ இருந்துவிட்டால், பிரஜையான தகப்பனின் பிள்ளை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்க நேரிடும். பிலிப்பைன்ஸில் பிறந்த ஒரு குழந்தையின் வழக்கில், பெற்றோர் பிற்பாடு விவாகத்தைப் பதிந்துகொண்டிருந்த போதிலும், மலேசியத் தகப்பனின் வழியாக அதற்குப் பிரஜாவுரிமை இல்லை என்று 2021-ஆம் வருஷம் மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழு நீதிபதிகளில் நால்வர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம்.

நல்ல வேளையாக, விவாகம் செல்லாததாகப் போனாலும், அதைச் செய்துகொண்டபோது இருவரில் ஒருவராவது அது செல்லும் என்று நியாயமாக நம்பியிருந்தால், பிள்ளைகளை முறையான பிள்ளைகளாகவே கருத வேண்டும் என்று 1976-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் ஒரு வாசகம் இருக்கிறது. இதை அறியாத பெற்றோர் எத்தனையோ பேர். தகப்பனும் தாயும் உயிரோடிருந்து இருவருக்கும் வேறு விவாகத் தடை இல்லையானால், வெட்கத்தை விட்டு இன்றைக்கே வந்து பதிந்துகொள்ளுங்கள் என்று நான் அவர்களிடம் மன்றாடாத குறையாகச் சொல்வேன். பின்னர் நடந்த விவாகத்தால் முன்னர் பிறந்த பிள்ளைக்கு அந்தஸ்து கிடைக்க 1961-ஆம் வருஷத்திலிருந்தே தனிச் சட்டம் உண்டு.

இக்காலத்தில் இதற்கு நேர்மாறான இன்னொரு சங்கடம் வந்திருக்கிறது. வீடு வாங்கக் கடன் வேண்டும், மண்டபம் அடுத்த வருஷம்தான் கிடைக்கிறது, தை மாதத்தில்தான் முகூர்த்தம் அமைகிறது என்று ஏதாவதொரு காரணத்தால் முதலில் பதிவை முடித்துவிட்டு, ஒரு வருஷம் கழித்துத் தாலி கட்டுகிறார்கள். பதிவு முடிந்து வெளியே வருகையில், “ரிஜிஸ்டர்தானே முடிஞ்சிருக்கு, கல்யாணம் இன்னும் ஆகலியே” என்று பெண்ணின் தாயார் அவளைத் தம் காரிலேயே வீட்டுக்கு அழைத்துப் போவார். அந்த இடைக்காலத்தில் இரு குடும்பங்களுக்கும் மனஸ்தாபம் வந்து சம்பந்தம் முறிந்தால், நிச்சயதார்த்தம் முறிந்ததாக நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். வேறு வரன் பார்த்து என்னிடம் வரும்போதுதான், சட்டத்தின் கண்ணில் அவள் இன்னொருவனின் மனைவி என்பது அவர்களுக்கு உறைக்கிறது. விவாகமான இரண்டு வருஷத்துக்குள் விவாகரத்து மனுப் போடுவதற்கு நியாயஸ்தலத்தின் விசேஷ அனுமதி வேண்டும் என்று விவாகச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு சொல்லுகிறதென்று நான் எடுத்துக் காட்டும்போது அந்தத் தாய்மார்கள் அடையும் திகைப்பைப் பார்த்து எனக்கு மனம் நொந்துபோகும். தாலியும் பதிவும் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில் நடக்கட்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவருவது இதனால்தான்.

தாலி மட்டும் போதுமா என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் டெக்ஸாஸ், கொலராடோ, அயோவா போன்ற சில மாநிலங்களில், எந்த அலுவலகத்துக்கும் போகாமல் கணவன் மனைவி என்று ஒப்பி, ஊரறியச் சேர்ந்து வாழ்கிறவர்களை வழக்காற்று விவாகம் என்ற பெயரில் சட்டம் தம்பதிகளாக ஏற்றுக்கொள்கிறது. பென்சில்வேனியா இவ்வழக்கத்தை 2005 முதல் நிறுத்திவிட்டது. இலங்கையில் நெடுநாள் ஊரறியச் சேர்ந்து வாழ்ந்தோரை விவாகமானவர்களாக அனுமானிக்கலாம் என்று 1927-இலேயே பிரிவி கவுன்சில் சொல்லியிருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் ரோட்டுக் கந்தசுவாமி கோயிலைக் கட்டி எழுப்பிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் முதியவர்கள் சிலர், பதிவு என்றதும் ‘ஊரறிஞ்ச கலியாணத்துக்கு என்ன பதிவு’ என்று என்னிடமே வாதாடியதற்கு அந்த நாட்டு வழக்கம் காரணமாக இருக்கலாம். தமிழ்நாட்டிலோ, ஐயரும் அக்கினியும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953-இல் தீர்ப்புக் கூறிவிட, அந்தத் தம்பதிகளும் பிள்ளைகளும் பதினான்கு வருஷம் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள். 1967-இல் அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது வந்த திருத்தம், பழைய திருமணங்களுக்கும் சேர்த்தே உயிர் கொடுத்தது. 1929-இன் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து போனதை ஒட்டி இங்கும் சீர்திருத்தத் திருமணங்கள் நடந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பின்னாளில், கோயம்புத்தூரில் எழுந்த ஒரு ஜீவனாம்ச வழக்கில், விவாகம் போன்ற உறவு என்பது எது என்று வரையறுக்கப் புகுந்த இந்திய உச்ச நீதிமன்றம், 2010-இல், அமெரிக்காவின் அந்த வழக்காற்று விவாகத்தின் இலக்கணத்தையே எடுத்துக்கொண்டது.

நம் சட்டத்துக்கும் வளைந்துகொடுக்கத் தெரியும். அக்காள் மகளை மணப்பதை நாகரிக உலகின் பல நாடுகள் தடுத்திருக்கின்றன. நம் சட்டத்தின் 11-ஆம் பிரிவும் மாமனுக்கும் மருமகளுக்கும் இடையே விவாகம் கூடாது என்றே தொடங்குகிறது. ஆனால் அடுத்த வரியிலேயே, ஹிந்து தன் வழக்கப்படி சகோதரியின் மகளை மணப்பதை இது தடுக்காது என்று விலக்கும் அளிக்கிறது. தாய்மாமன் உறவு நம் ஜனங்களுக்கு எத்தகையது என்பதைக் கோலாலம்பூரில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். ஒரு சமூகத்தின் வாழ்க்கையை உள்ளபடி பார்த்து அதற்கு ஒரு வரி சேர்க்கச் சட்டத்தால் முடியும் என்பதற்கு இந்தப் பிரிவை நான் அடிக்கடி எடுத்துக் காட்டுவதுண்டு. பிரிக்பீல்ட்ஸிலிருந்து இரண்டு ஸ்திரீகள் என்னைத் தேடி வந்த பிறகு, இதே பிரிவை இன்னும் அதிகமாக நினைத்துக்கொள்கிறேன்.

ஒருவர் என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியை. மற்றவர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய ‘நூறு குவார்ட்டர்ஸ்’ குடியிருப்பு இருந்த காலத்திலிருந்தே அந்த வட்டாரத்தில் ஒன்றாகக் குடியிருந்து, பிறகு கூட்டாக ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்கி, ஒருவருடைய தாயாரை மற்றவர் கடைசிவரை பார்த்துக்கொண்டு, இருவருமாக முதுமையை எட்டியவர்கள். தோழிகள் என்று ஊர் சொல்லிற்று. நானும் அப்படியே நினைத்திருந்தேன். தாதியம்மாளுக்கு இருதயத்தில் சத்திர சிகிச்சை என்று நாள் குறித்திருந்தார்கள். ஆசிரியை தலை குனியாமல், “சார், நாங்கள் ரெண்டு பேரும் குடும்பம். இருபது வருஷத்துக்கு மேல. சட்டத்தில எங்களுக்கு ஏதாவது ஒரு தாள் உண்டா, இல்லையான்னு உங்களைத்தான் கேக்கணும்னு வந்தோம்” என்றார். அப்படி நேராகக் கேட்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்பதை நான் அறிவேன். இந்நாட்டில் ஒரே பாலினத்தவரின் உறவைத் தண்டிக்கப் பயன்படும் தண்டனைச் சட்டத்தின் 377 வரிசைப் பிரிவுகள் இன்றும் இருக்கின்றன.

“இல்லை, டீச்சர்” என்றேன். தம்பதிகள் முறையே ஆணும் பெண்ணுமாக இல்லாவிட்டால் விவாகம் செல்லாது என்று விவாகச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு கூறுகிறது. நம் நாட்டவர் வெளியே போய் மணந்து வந்தாலும் இங்கே அது ஏறாது. தாய்லாந்தில் 2025 ஜனவரி முதல் ஒரே பாலினத்தவர் சட்டப்படி மணக்கலாம், தைவானில் 2019-இலிருந்தே. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015-இல் எல்லா மாநிலங்களுக்கும் இதைப் பொதுவாக்கிற்று. பிறகு 2021-இல் கொலராடோ நீதிமன்றம், பதிவு இல்லாமல் சேர்ந்து வாழ்ந்த ஒரே பாலினத்தவரையும் வழக்காற்று விவாகத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. சிங்கப்பூர் 2022-இல் தன் 377ஏ பிரிவை நீக்கியது, ஆனால் விவாக இலக்கணத்தை மாற்றவில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் இக்கோரிக்கையை ஏற்காமல் பார்லிமெண்டுக்கு விட்டது. ஆயினும் தூத்துக்குடிக் கோயிலில் மணந்துகொண்ட ஒரு திருநங்கையின் விவாகத்தைப் பதிய மறுத்தபோது, அவரும் மணமகள்தான், பதிந்துகொள்ளுங்கள் என்று 2019-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் உத்தரவிட்டார். அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று, பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் என் போன்றவர்களை நோக்கியே அது எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றிற்று.

நான் பக்தியுள்ள சைவன். கோயில் மண்டபத்தில் நடக்கும் காரியத்தைச் சடங்காகவும் நேசிக்கிறவன். ஆனாலும், காப்பார் அம்மாளுக்கும் இந்த இருவருக்கும் நேர்ந்த துக்கத்தில் ஒரு வேற்றுமையையும் என்னால் காண முடியவில்லை. நீ அவருக்கு யார் என்று கேட்கப்படும்போது காட்டுவதற்கு ஒரு தாள் இல்லாததே இரு தரப்பாருடைய கஷ்டமும். அந்த அம்மாளுக்குக் கதவு திறந்திருந்தும் யாரும் சொல்லவில்லை. இவர்களுக்குக் கதவே இல்லை. ஆகவே இவர்களுக்கு நேர்வது அதிகமான அநியாயம் என்பதே என் எண்ணம். இப்படி நான் எண்ணுவதை விரும்பாதவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள் என்பதை அறிந்துதான் எழுதுகிறேன்.

தாள் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. பல தாள்களைச் சேர்த்து ஒரு தாளின் வேலையில் ஒரு பகுதியையாவது செய்ய வைக்கலாம் என்று ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து யோசித்தோம். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் அவருடைய பாதி வீடு, முகம் தெரியாத ஒன்றுவிட்ட உறவினர்வரை தேடிப் போகுமே தவிர மற்றவருக்கு வராது. ஆகவே முதல் வேலை உயில். முஸ்லிம் அல்லாதவர் தம் ஊழியர் சேமநிதிக்குத் தாம் விரும்பும் எவரையும் நியமிக்கலாம் என்பதால் அது சுலபமாக முடிந்தது. ஆயுள் காப்புறுதியில் துணைவர், பிள்ளை, பெற்றோர் ஆகியோர் அல்லாத ஒருவரை நியமித்தால் அவர் அந்தப் பணத்தைப் பொறுப்பாளராக மட்டுமே வாங்குவார். அதனால் அதையும் உயிலில் எழுத வேண்டியதாயிற்று. அதிகாரப் பத்திரம் ஒன்றும் எழுதினோம். ஆனால் எழுதிக் கொடுத்தவர் சுயநினைவை இழந்துவிட்டால் அது பயன்படுமா என்பதில் வழக்கறிஞருக்கே சந்தேகம் இருந்தது.

உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிலால் லாபம் அடைகிறவர் சாட்சியாக இருந்தால் அவருக்கு எழுதியது செல்லாமற்போகும். நானும் வழக்கறிஞரின் குமாஸ்தாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தாதியம்மாள் நிதானமாகப் பெயரெழுத, ஆசிரியை அறைக்கு வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். எது எப்படியிருந்தாலும் சத்திர சிகிச்சைக்கான சம்மதப் பாரத்தில் நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட, பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி ஒருவர் ஈப்போவிலிருந்து வந்துதான் ஆகவேண்டியிருந்தது. அவர் வந்தார், கையெழுத்துப் போட்டார், அன்று மாலையே திரும்பிப் போனார். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அடுத்த முறை அவர் வராமற்போனால் என்ன செய்வது என்று ஆசிரியை என்னைக் கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்விக்குப் பயன்படும் தாள் எதுவும் எங்கள் கட்டில் இல்லை. ஆஸ்பத்திரியில் அருகிருக்கவும் நோயாளிக்காகப் பேசவும் ஒருவர் தமக்கு வேண்டியவரைத் தாமே எழுதிக்கொடுத்து நியமிக்கலாம் என்ற சிறிய சட்டம் ஒன்றாவது இந்நாட்டில் வேண்டும் என்று, எங்கள் தொகுதியின் பார்லிமெண்டு உறுப்பினருக்கு எழுத நாங்கள் மூவரும் ஒரு மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். காப்பார் அம்மாளும் அதில் கையெழுத்திடச் சம்மதித்திருக்கிறார்.